வேறொருத்தியின் மெழுகுதிரி

நான் ஒரு முட்டாள். முதலில் இதை எழுதிவிடுகிறேன். மற்றதை எழுதுவதற்கு எனக்கு இன்னும் கொஞ்சம் துணிவு வரவேண்டியிருக்கிறது.

எப்படிப்பட்ட முட்டாள் என்று கேட்பீர்கள். ஜெர்மனிக் குளிரில், ஒரு வீட்டின் சன்னலுக்குக் கீழே சுவரோடு பொருத்தியிருந்த வெள்ளை இரும்புச் சட்டத்தைப் பார்த்து, ‘அடடா! விருந்தாளியின் பையை வைக்க என்ன அழகான தட்டு!’ என்று வியந்து, என் தோள்பையை அதன்மேல் வைத்துவிட்டுத் தூங்கப்போன முட்டாள். அதற்குள்ளே கொதிநீர் ஓடுகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? யாழ்ப்பாணத்தில் அப்படியொரு ஹீட்டர் தேவையில்லை. நான் இப்போது இருக்கும் நியூசிலாந்து ஓக்லண்டில் தேவை, ஆனால் இல்லை! இங்கே வீட்டுக்குள் குளிர்கிறது என்று சொன்னால், இன்னொரு கம்பளிச்சட்டையைப் போடு என்பார்கள்.

காலையில் பையைத் திறந்தால், மைத்துனனின் கலியாணத்துக்கென்று வாங்கிய சட்டை, காற்சட்டை, உள்ளாடை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பலகையாகக் கிடந்தன. தட்டினால் சத்தம் கேட்டது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். இந்த இடத்தில் சிரிக்க வைத்தே நான் நாலு வருடம் தப்பித்தேன்...

இப்போது மற்றது. அந்தப் பைக்குள் உருகிப்போனது ஒரு பெண்ணின் நேர்த்திக்கடன் மெழுகுதிரி. அதைக் கொலோன் நகரத்துப் பேராலயத்தில் ஏற்றியதாகவும், அது கடைசி மட்டும் அணையாமல் எரிந்ததாகவும் அவளிடம் சொன்னேன். சாட்சிக்கு ஒரு புகைப்படமும் கொடுத்தேன்.

அந்தப் புகைப்படத்தில் எரிவது வேறொருத்தியின் மெழுகுதிரி.

என் பெயர் அருள்தாஸ். ஓக்லண்டின் தெற்கே, விரி என்ற இடத்தில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். ஓக்லண்டில் எங்கள் கத்தோலிக்கச் சனத்துக்கு என்னை ‘பகிடி தாஸ்’ என்றால்தான் தெரியும். மாதத்தில் ஒரு ஞாயிறு, இரவல் வாங்கிய கோயிலில் தமிழ்ப்பூசை நடக்கும். பூசை முடிந்ததும் மண்டபத்தில் தேநீரும் ரோல்ஸும். அங்கே நான் இருக்கும் மூலையில்தான் சிரிப்புச் சத்தம் அதிகம். சாமியாரின் பிரசங்கத்துக்கு வராத சனமும் என் பகிடிக்கு வரும் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். வேறு பெருமைப்பட என்னிடம் என்ன இருந்தது? முப்பத்து நாலு வயது, கலியாணமில்லை, புகை கக்கும் ஒரு பழைய டொயோட்டா... அவ்வளவுதான்.

எங்கள் ஆட்களில் யாராவது ஐரோப்பாப் பக்கம் போகிறார் என்றால் செய்தி உடனே பரவும். பயணக்காரரிடம் வடகம், மிளகாய்த்தூள் கொடுத்தனுப்புவது எல்லோரும் செய்வது. எங்களவர்கள் நேர்த்தியையும் கொடுத்தனுப்புவார்கள். ஒருவர் பேரனின் வலிப்பு மாற வெள்ளியில் செய்த உருவம் தருவார். இன்னொருவர் விசா கிடைக்க வேண்டுமென்று ஒட்டிய கடிதம் தருவார். அந்த வருடம் கொலோனில் இருந்த என் மைத்துனன் யூட்டின் கலியாணம். அம்மாவின் தலைவலிக்கு நெற்றியில் பூசுவோமே ஓடிக்கொலோன், அந்தக் கொலோன்தான். நான் போகிறேன் என்றதும், தேநீர்க் கோப்பையோடு என்னிடம் வந்தவர் றோஸ் அக்கா.

றோஸ் அக்காவுக்கு அப்போது நாற்பது இருக்கும். மன்னார்ப் பக்கம். கணவர் சூசைதாசன் பள்ளிக்கூட வாத்தியார். தொண்ணூறாம் ஆண்டு ஒரு காலையில் சைக்கிளில் போனவரைச் சோதனைச்சாவடியில் இறக்கினார்கள். சைக்கிள் மட்டும் திரும்பி வந்தது. அதன்பிறகு அக்கா மகள் நிம்மியோடு எங்கெங்கோ அலைந்து, கடைசியில் ஓக்லண்டுக்கு வந்து சேர்ந்தார். எப்சம் என்ற பகுதியில், நல்ல பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் வரவேண்டுமென்பதற்காகவே, இரண்டு அறை வாடகைக்கு எடுத்து, முதியோர் இல்லமொன்றில் இரண்டு வேலைநேரம் செய்தார்.

“தாஸ் தம்பி, அங்க பாலயேசுவைப் பாக்க வந்த மூண்டு ராசாக்களின்ர கோயில் இருக்காமே?”

“ஓம் அக்கா. ராசாக்களைச் சந்திக்க நேரம் கேட்டிருக்கிறன். இன்னும் பதில் வரேல்ல.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மரியாதைக்குச் சிரித்துவிட்டு, கைப்பையிலிருந்து செய்தித்தாள் சுற்றிய ஒன்றை எடுத்தார். பாதி எரிந்த மெழுகுதிரி. மஞ்சள் நிறம். ஒரு சாண் நீளம்.

“இது மடு மாதா கோயிலில வாங்கினது. இவர்தான் கொளுத்தினவர். பாதியில மழை வந்து நூந்துபோச்சு. அடுத்த வருசம் வந்து மிச்சத்தை எரிப்பமெண்டு சட்டைப்பைக்குள்ள வைச்சுக்கொண்டு வந்தார்...”

நூருவது என்றால் எங்கள் ஊரில் அணைவது. அடுத்த வருடம் என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

“இங்கயே எரிக்கலாமே அக்கா?” என்றேன். “எங்கட சாமியார் நெருப்புப்பெட்டிகூட தருவார்.”

“அந்த ராசாக்கள் வந்த வழியால திரும்பிப் போகேல்லைத்தானே, தம்பி. கனவில ஆண்டவர் சொல்லி, வேற வழியால ஊர் போய்ச் சேர்ந்த ஆக்கள். இவரும் போன வழியால வர ஏலாது. வேற வழி காட்டச் சொல்லிக் கேளுங்கோ.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “கொளுத்திப்போட்டு வந்திடாதைங்கோ. முடியும் மட்டும் பக்கத்தில நில்லுங்கோ. நூராமல் முடிஞ்சா, இவர் இருக்கிறாரெண்டு எடுப்பன். நூந்தா... நூந்தாலும் உண்மையைச் சொல்லுங்கோ, தம்பி.”

கேட்டீர்களா? நூந்தாலும் உண்மையைச் சொல் என்றார். தெளிவாக, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவே முடியாது!

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “அப்பிடியே எனக்கொரு பொம்பிளை பாக்கச் சொல்லியும் அந்த ராசாக்களிட்ட ஒரு வார்த்தை போடுறன் அக்கா.” மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த மெழுகுதிரிதான் ஹீட்டரின்மேல் உருகியது.

யூட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கலியாண வீட்டுக்கு வந்திருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு என் சட்டையைத் தட்டிக் காட்டினான். “நியூசிலாந்துக்காரனுக்கு ஹீட்டர் தெரியாதாமடா!” நானும் சேர்ந்து நடித்துக் காட்டினேன். பையை வைத்தது எப்படி, காலையில் திறந்தது எப்படி... ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு வரி சேர்த்தேன். கத்தியால் மெழுகைச் சுரண்டி, கறுத்த திரியோடு சேர்த்து, சமையலறைக் குப்பைவாளியில் போட்டேன். அதற்குள் அன்றைய முட்டைக்கோதுகள் கிடந்தன. அதை நன்றாகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் போட்டேன்.

அடுத்த நாள் யூட் என்னைப் பேராலயத்துக்குக் கூட்டிப்போனான்.

புகையிரத நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் அது நிற்கிறது. ஒரு கட்டடம் நிற்கிறது என்று சொல்ல வராது. இரண்டு கோபுரங்களும் கரியால் செய்தவைபோல் கறுத்து, உச்சியைப் பார்க்கக் கழுத்தை முறித்தால் தொப்பி விழுகிறது. எனக்கு விழுந்தது. கட்டி முடிக்க அறுநூறு வருடத்துக்கு மேல் எடுத்தார்களாம். எங்கள் ஊர்க் கோயில் மண்டபம் கூரையில்லாமல் நின்றதற்கு வட்டார மக்கள் பங்குத்தந்தையைப் பேசிய பேச்செல்லாம் நினைவு வந்தது. பாவம் அந்த மனிதர்! எங்கள் கோயிலைத் தூக்கி இதற்குள் வைத்தால், சுற்றிவரச் சைக்கிள் நிறுத்த இடம் மிஞ்சும்.

வாசலில் விற்ற தபாலட்டையொன்றில், போர் முடிந்த காலத்துப் படம் இருந்தது. சுற்றிவர ஊரே தரைமட்டம். கற்குவியல். நடுவே இந்தக் கோயில் மட்டும் இரண்டு கோபுரத்தோடும் நிற்கிறது. நான் அதை வாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் கோயில்தான் முதலில் விழுந்தது. சனம் அதற்குள் ஒதுங்கியிருந்தபோதே விழுந்தது...

உள்ளே போனதும் என் வாய் மூடிக்கொண்டது. நம்புவீர்களா? என் வாய்! தூண்கள் மேலே போய், மேலே போய், எங்கோ இருட்டுக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. வண்ணக் கண்ணாடிகளுக்கு வெளியே பனி. பீடத்துக்குப் பின்னால் பொன்னால் செய்த பெட்டகம். அதற்குள்தான் மூன்று ராசாக்களும் என்றான் யூட். கும்பிட்டேன். றோஸ் அக்காவின் பெயரைச் சொன்னேனா? இல்லை. என் பொம்பிளைக் காரியத்தைச் சொன்னேன். பகிடிக்குச் சொன்னதைக் கடவுளிடமும் சொல்லிவிட்டு வந்தேன்!

வடக்குப் பக்கத்தில், கண்ணாடிக்குள் ஒரு சிறிய மாதா. பொம்மையளவு. உடம்பெல்லாம் சனம் கொடுத்த சங்கிலி, மோதிரம், கைக்கடிகாரம்கூட. முன்னால் அடுக்கடுக்காக மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. அங்கேதான் நான் நின்றேன்.

அப்போது ஒரு மெழுகுதிரி வாங்கி, றோஸ் அக்காவின் பெயரைச் சொல்லி ஏற்றியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். சில்லறை இல்லையா? இருந்தது. நேரம் இல்லையா? தாராளமாக இருந்தது. பிறகேன்? சொல்கிறேன். மடுவில் வாங்கிய மெழுகுதிரிக்குப் பதிலாக வேறொன்றை ஏற்றினால், அது ஏமாற்று வேலையாகிவிடுமே என்று யோசித்தேன். நேர்மை! எனக்கு அன்றைக்கென்று ஒரு நேர்மை வந்து தொலைத்தது. உருகிப்போனதென்று திரும்பிப்போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே கமெராவைத் தூக்கினேன்.

ஏன் தூக்கினேன்? கைக்கு ஒரு புத்தி, தலைக்கு ஒரு புத்தி.

ஒரு வெள்ளைக்காரக் கிழவி, தலையில் சாம்பல்நிறக் கம்பளித்தொப்பி, அப்போதுதான் ஒன்றை ஏற்றி வைத்தாள். சுற்றியிருந்தவை எல்லாம் அடிக்கு உருகிச் சாய்ந்திருக்க, அவளுடையது மட்டும் நிமிர்ந்து எரிந்தது. அதைக் குறிவைத்துப் படமெடுத்தேன். ஃபிளாஷ் வெட்டியது. கிழவி திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் கன்னம் ஈரமாக இருந்தது. சிவப்பு அங்கி போட்ட காவலர் ஒருவர் விரலை ஆட்டிக்கொண்டு வந்தார். நான் ஓடினேன். பேராலயத்துக்குள்ளிருந்து கமெராவோடு ஓடிய ஒரே யாழ்ப்பாணத்தவன் நானாகத்தான் இருப்பேன். யூட்டுக்கு அது இரண்டாவது நல்ல கதையாயிற்று.

அந்த ஊரில் இன்னும் ஆறு நாள் இருந்தேன். கலியாணம், சாப்பாடு, சீட்டாட்டம். கோயில் கோபுரம் யூட்டின் சமையலறைச் சன்னலாலேயே தெரியும். திரும்பிப் போகவில்லை.

ஓக்லண்டில் படம் கழுவி வந்தது. சற்று மங்கல். மெழுகுதிரியின் நிறமோ நீளமோ தெரியவில்லை. இருட்டும், நடுவில் ஒரு சுடரும்தான். பொய்க்கு எவ்வளவு வசதி பாருங்கள்!

அடுத்த தமிழ்ப்பூசையில் றோஸ் அக்கா மண்டபத்து வாசலிலேயே நின்றார். பதினொரு வயது நிம்மி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் உண்மையைச் சொல்லத்தான் போனேன். சத்தியமாக! முதல் வரிகூட யோசித்து வைத்திருந்தேன்: ‘அக்கா, ஒரு மடைத்தனம் நடந்துபோச்சு.’

“தம்பி... நூரேல்லையே?”

அந்த முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நீங்களும் பொய் சொல்லியிருப்பீர்கள் என்று சொல்ல ஆசைதான். சொல்லமாட்டேன். நீங்கள் சொல்லியிருக்கமாட்டீர்கள்.

“நூரேல்ல அக்கா. கடைசி மட்டும் எரிஞ்சுது.”

அதோடு நிறுத்தியிருக்கலாம் இல்லையா? நான் பகிடி தாஸ் அல்லவா! சுற்றிவரச் சனம் சேர்ந்துவிட்டது. “ஒரு காவல்காரன் சிவப்பு உடுப்போட வந்தானக்கா. நேரமாச்சு, நூரு எண்டு ஊதிப் பாத்தான். நூரேல்ல! திருப்பி ஊதினான். ஆளுக்கு மூச்சு வாங்கினதுதான் மிச்சம். மூண்டு ராசாக்களும் உள்ளுக்க இருந்து சிரிச்சிருப்பினம்!”

சனம் கைதட்டியது. றோஸ் அக்கா படத்தை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அவர் அழவில்லை. மகளின் தலையைத் தடவி, “பாத்தியோ? அப்பா இருக்கிறார்,” என்றார்.

அந்த வாரமே படம் சட்டத்துக்குள் போய்ச் சுவரேறியது. சூசைதாசன் வாத்தியாரின் படத்துக்குப் பக்கத்தில். நான் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

ஒரு பொய்யோடு மனிதன் வாழப் பழகிவிடுவான். அதுதான் பயங்கரம். நான் பழகினேன். மாதா மாதம் அவர்களை என் டொயோட்டாவில் பூசைக்கு ஏற்றி இறக்கினேன். குழாய் ஒழுகினால் போய்த் திருத்தினேன். அக்கா எனக்கு மீன்குழம்பு கட்டித் தந்தார். ‘தம்பி கொளுத்தின மெழுகுதிரி’ என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். நல்ல காரியம் செய்தவன் என்று எனக்குப் பெயரும் வந்தது! ஒரு பெண்ணுக்கு நம்பிக்கை கொடுத்தேன், அதில் என்ன பிழை என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டே இருக்கவேண்டியிருந்ததென்றால், விடை தெரிந்திருந்தது என்றுதானே அர்த்தம்?

மூன்றாம் வருடம் ஒரு கடிதம் வந்தது.

கனடாவிலிருந்து. வாத்தியாரோடு ஒரே தடுப்புமுகாமில் கிடந்தவர் எழுதியிருந்தார். விலாசம் தேடிப் பிடிக்க இவ்வளவு காலம் சென்றதென்று மன்னிப்புக் கேட்டிருந்தார். காய்ச்சல் வந்ததாம். மருந்தில்லையாம். தன் மடியில்தான் தலை இருந்ததாம். இடது புருவத்துத் தழும்பு, ‘நிம்மி’ என்ற பெயர், எல்லாம் சரியாக இருந்தது. எந்த மாதம் என்றுகூட எழுதியிருந்தார். நான் கொலோனுக்குப் போவதற்கு மூன்று வருடம் முந்திய மாதம்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில், எங்கள் சாமியார் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். இறந்தோர் பூசை ஒன்று வைப்போம், பிள்ளையும் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யட்டும் என்றார். அக்கா கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

“கடிதம் எழுதின பிள்ளை ஆரையோ மாறிச் சொல்றார், சுவாமி. இவரின்ர மெழுகுதிரி நூரேல்ல. தாஸ் தம்பி கண்ணால கண்டவர்.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இதோ, இந்த இடம். ஹீட்டர் மடைத்தனம். படம் கோழைத்தனம். வாசலில் சொன்னது பொய். இவை எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு சாட்டுச் சொல்லலாம். ஆனால் அந்த மண்டபத்தில், ஒரு மனிதனின் சாவை எழுதிய கடிதம் அங்கே இருக்க, இருபது பேர் என் வாயைப் பார்க்க, நான் தலையை ஆட்டினேன். ஆம் என்று ஆட்டினேன்!

பூசை நடக்கவில்லை.

அதன்பிறகு அக்கா முன்னைவிட நிறமான சேலைகளாக உடுத்தத் தொடங்கினார். கழுத்தில் தாலி, நெற்றியில் பொட்டு. வேண்டுமென்றே செய்தாரென்று நினைக்கிறேன். பெண்கள் ரோல்ஸ் தட்டுக்குப் பின்னால் நின்று பேசினார்கள். “புருசன் போய்ச் சேர்ந்திட்டான், இவ சிவப்புக் காஞ்சிபுரம்!” என்றாள் ஒருத்தி. “விசர் பிடிச்சிட்டுது,” என்றாள் மற்றவள். என்னைக் கண்டதும், “தாஸ், ஒரு பகிடி சொல்லுமன்,” என்றார்கள். சொன்னேன்.

போன வருடம் ஆவணியில், ஆல்பனிப் பல்கலைக்கழக வளாகத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஏதோ விஞ்ஞானப் போட்டி. அக்காவுக்கு வேலை. நிம்மியை நான்தான் ஏற்றிப்போனேன். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. அம்மா தமிழில் கேட்டால் இங்கிலிஷில் பதில். துறைமுகப் பாலத்தில் வாகனங்கள் தேங்கி நின்றன. மழை.

“அங்கிள், கேன் ஐ ஆஸ்க் யு சம்திங்?”

“கேள் பிள்ளை. கணக்கு மட்டும் கேளாத. நான் அதில உன்னைவிட மோசம்.”

அவள் சிரிக்கவில்லை. “டாட் இஸ் டெட், ரைட்?”

மழைத்துடைப்பான் இரண்டு தடவை போய் வந்தது.

“நான் அந்த லெட்டர் எடுத்துப் படிச்சன். டிக்‌ஷனரி வச்சு. ஹோல் நைட்.” இவ்வளவு தமிழ் அவள் என்னிடம் பேசியதில்லை. “ஆனா அம்மா அழக் கூடாதாம். உயிரோட இருக்கிற ஆளுக்கு அழுதா அது அவருக்குக் கூடாதாம். நான் பாத்ரூமில அழுதாலும் வந்து தட்டுறா. பிகாஸ் ஒஃப் யுவர் கேண்டில், அங்கிள்.”

பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். எனக்கு முன்னால் பாதை திறந்திருந்தது.

“ஐ ஜஸ்ட் வாண்ட் டு க்ரை. வன்ஸ். ப்ரொப்பர்லி.”

தகப்பனுக்காக ஒரு தரம் வாய்விட்டு அழவேண்டும். அவ்வளவுதான் அந்தப் பிள்ளை கேட்டது. சாப்பாடு கேட்கவில்லை, சட்டை கேட்கவில்லை. அதற்கு நடுவே நான் ஒரு சட்டம் போட்ட படமாகச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தேன்...

சனிக்கிழமை, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் சாமியாரிடம் போகத் துணிவில்லை. வேறு பங்கில், காது கொஞ்சம் மந்தமான ஒரு நியூசிலாந்துக் கிழச் சாமியாரிடம் போனேன். ஹீட்டரில் தொடங்கினேன். என் ஆங்கிலத்திலும் அது எடுபட்டது! மனிதர் தானிருந்த மரப்பெட்டி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அவர் சிரிக்கச் சிரிக்க எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது. சட்டையைத் தட்டிய சத்தத்தை மரப்பலகையில் தட்டிக் காட்டினேன். ‘மெழுகுதிரி உருகியதற்கெல்லாம் கடவுள் கோபிக்கமாட்டார், மகனே,’ என்று மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச்சொல்லி அனுப்பினார். படத்தைப்பற்றி நான் வாயே திறக்கவில்லை. கடவுளின் பெட்டிக்குள்ளும் பாதிக் கதை! மூன்று மந்திரத்தையும் சொன்னேன், வெட்கமில்லாமல்.

செவ்வாய்க்கிழமை, வேலையில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு எப்சத்துக்குப் போனேன். அக்காவுக்கு அன்று வேலையில்லை. இரண்டு மணி. நிம்மி பள்ளிக்கூடத்தில்.

“என்ன தம்பி, வேலையால நிப்பாட்டிப்போட்டாங்களோ?”

“இல்லை அக்கா. உங்களோட ஒண்டு கதைக்கோணும்.”

தேநீர் வந்தது. இந்தத் தடவை நான் படத்தைப் பார்க்கும் பக்கமாக உட்கார்ந்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், மறுபடியும் ஹீட்டரிலேயே தொடங்கினேன். பையை வைத்தது, குறட்டை விட்டது, பலகையாகிப்போன சட்டை... அக்கா முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

“என்ர மாதாவே! பை வைக்கிற தட்டெண்டோ நினைச்சனீங்கள்?”

சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை. அந்தச் சிரிப்போடு எழுந்து வந்துவிட்டால் என்ன என்று... உங்களிடம் மறைக்கவா போகிறேன்? நினைத்தேன். ஒரு கணம், அப்போதும், நினைத்தேன்!

“சட்டை போகட்டும். அப்பிடி உருகிறதுக்குப் பைக்குள்ள என்ன வைச்சிருந்தனீங்கள்?” என்றார், சிரிப்பு மாறாமல்.

“உங்கட மெழுகுதிரி, அக்கா.”

சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் வழிதெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது.

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை புதிதாக ஒரு வரியும் சேர்க்கவில்லை.

“மிச்சத்தை என்ன செய்தனீங்கள்?”

“குப்பையில போட்டனான்.”

“திரியையுமோ?”

“ஓம்.”

அவர் எழுந்து போய்ச் சுவரிலிருந்து படத்தைக் கழற்றினார். மேசையில் வைத்துக் கண்ணாடியிலிருந்த தூசியை விரலால் துடைத்தார். பொய்யென்று தெரிந்த பிறகும் துடைத்தார். நெடுநேரம் பார்த்தார்.

“அப்ப இது ஆற்ற?”

“ஒரு வெள்ளைக்காரக் கிழவின்ர. ஆரெண்டு தெரியாது.”

“அழுதவவோ?”

“ஓம் அக்கா.”

குளிர்சாதனப்பெட்டி ஒருமுறை உதறிவிட்டு நின்றது. அவர் கை தன்பாட்டில் கழுத்துக்குப் போய், தாலிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டது. கழற்றவில்லை. பிடித்தபடியே இருந்தது. அந்தக் கடிதம் வந்த நாளில் செத்திருக்கவேண்டிய மனிதர், அந்த மேசையில், என் கண்முன்னால், அப்போதுதான் செத்தார். ஒரு வருடம் நான் அவரைப் பொய்யால் உயிரோடு வைத்திருந்தேன். இப்போது உண்மையால் கொன்றேன். இரண்டும் இந்த வாயாலேயே.

நான் கதிரையிலிருந்து இறங்கி நிலத்தில் உட்கார்ந்தேன். முழங்காலில் நின்றால் நாடகம்போல் இருக்கும் என்று தோன்றியது. அந்த நேரத்திலும் எனக்கு எப்படித் தெரிகிறது என்ற கவலை, பாருங்கள்!

“அக்கா, ஏசுங்கோ. அடியுங்கோ. எல்லாருக்கும் முன்னால என்னைக் கேவலப்படுத்துங்கோ. என்ன சொன்னாலும் செய்யிறன். என்னை மன்னிச்சிடுங்கோ...”

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

“நிம்மி மூண்டரைக்கு வருவாள், இனி அழலாமெண்டு நீயே அவளிட்டச் சொல்லு.”